அவசரத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்தேன்

என் அப்பாவின் வலது பக்கத்தை முடக்கியது பக்கவாதம். அதன் பிறகு அவர் உடம்பில் மிச்சமிருந்த தசையைக் கரையவிட்டது நான். வீட்டில் இதைச் சொல்லிவிட்டேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் ஊரில் அந்த மாதங்களைச் சொல்லித்தான் இன்னும் என்னைப் புகழ்கிறார்கள். "பெத்தவரை அப்படித் தாங்குன பிள்ளை யாருக்குக் கிடைக்கும்" என்கிறார்கள். அந்தப் புகழை இத்தனை நாள் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். இனியும் வாங்கிக்கொண்டிருந்தால் என்னைப் பார்த்து இன்னொரு வீட்டிலும் இதையே செய்வார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். அப்பாவும் இதே பேட்டையில் ரோலிங் மில் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். உலையிலிருந்து சிவக்கப் பழுத்து வரும் இரும்பை நீண்ட இடுக்கியால் கவ்வி, அடுத்த உருளையின் வாய்க்குள் திருப்பிவிடுவது அவர் வேலை. பிடி கொஞ்சம் நழுவினாலும் கம்பி காலைச் சுற்றிவிடும். மார்கழியிலும் சட்டை நனைய நனைய நின்று செய்த வேலை அது. அந்தக் கைப்பிடியை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, நாங்கள் படித்தோம்.

இங்கே எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு: "உழைச்ச உடம்பு, ஒண்ணும் ஆகாது." பொன்னேரி, கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்களும் சொல்வார்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஷெட்டில் தங்கியிருப்பவர்களும் சொல்வார்கள். நானும் நம்பினேன். ஆனால் முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதைத் தாண்டினால் அந்த வேகம் கூடும். தசையின் அளவைவிட வலிமை இன்னும் சீக்கிரம் இறங்கும். மருத்துவர்கள் இதை சார்கோபீனியா என்கிறார்கள். ஒரு காலத்தில் இரும்பு தூக்கியவர் என்பதற்காக உடம்பு யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. தசை பி.எஃப். பணம் மாதிரி. கட்டுவது நின்றபின் எடுத்துக்கொண்டே இருந்தால் குறையும். மிச்சம் எவ்வளவு என்பது பெரிய செலவு ஒன்று வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

அப்பாவிடம் மிச்சம் குறைந்துகொண்டிருந்தது எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. தரையிலிருந்து எழும்போது இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றினார். எழும்போது பிடித்துக்கொள்ள வசதியாகச் சுவரோரம் உட்கார ஆரம்பித்தார். பிறகு தரையில் உட்காருவதையே விட்டார். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைத் திறக்க அம்மாவைக் கூப்பிட்டார். சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு நடந்து போவது நின்றது. அம்மா ஒவ்வொன்றையும் என்னிடம் சொன்னாள். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் வாங்கிப் போட்டேன். கை வைத்த நாற்காலி, வெஸ்டர்ன் டாய்லெட், பெரிய டிவி. பாலும் காய்கறியும் வீட்டுக்கே வரும்படி ஏற்பாடு செய்தேன். அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று பெருமையாக இருந்தது. மாலையில் அவரோடு கொஞ்ச தூரம் நடந்திருந்தால் அந்தப் பொருள்கள் எல்லாவற்றையும்விட அதிகம் பயன்பட்டிருக்கும். அதற்கு என் நேரம் தேவைப்பட்டது. நாற்காலிக்குப் பணம் போதும்.

பக்கவாதம் வந்த அன்று எனக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். ஐந்து மணிக்கு அம்மா டீ கொடுத்தாள். அப்பாவின் வலது கையிலிருந்து தம்ளர் நழுவி விழுந்தது. "கை மரத்துப்போன மாதிரி இருக்குடா" என்றார். நான் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். "ராத்திரி கையை மடக்கிப் படுத்திருப்பே நைனா, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அவர் பேச்சு லேசாகக் குழறியது என் காதில் விழுந்தது. தூக்கக் கலக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்ததா என்று பார்க்கவில்லை. அவர் முகத்தையே நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முகம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது. இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஆலையில் நடந்த பாதுகாப்பு வகுப்பில் இதை உட்கார்ந்து கேட்டவன் நான். ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதமாக இருந்தால், தகுதியுள்ளவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையில் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. அம்மா போன் செய்தபோது என் போன் லாக்கரில் கிடந்தது. புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று உறவினர் ஒருவர் புறாவைத் தேடி ஓடினார். நான் வந்து, வண்டி பிடித்து, நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. ஸ்கேனில் அடைப்பு என்று தெரிந்தது. ஊசிக்கான நேரம் போய்விட்டது. அந்த உறவினரை நான் குறை சொல்ல மாட்டேன். காலை ஐந்து மணிக்கு அந்த வீட்டில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இதையாவது அலட்சியம் என்று சொல்லித் தலைகுனிந்துவிட்டு நகர்ந்துவிடலாம். அதற்குப் பிறகு செய்ததைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். ஏனென்றால் அதைத்தான் நான் தொண்டு என்று நினைத்தேன்.

அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்தார். டிஸ்சார்ஜ் செய்யும்போது ஒரு தாளில் பயிற்சிகளை எழுதிக் கொடுத்திருந்தார்கள். கட்டிலோரம் காலைத் தொங்கவிட்டு உட்காருவது, நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது, சுருட்டிய துண்டை வலது கையால் பிடித்து விடுவது. கடைசி வரியில், அவரால் முடிந்ததையெல்லாம் அவரையே செய்யவிடுங்கள் என்று இருந்தது. அந்தத் தாளை பீரோவில் பத்திரமாக வைத்தேன். பிறகு அவரால் முடிந்ததையெல்லாம் நான் செய்ய ஆரம்பித்தேன்.

பல் தேய்த்துவிட்டேன். குளிப்பாட்டினேன். சட்டை மாட்டிவிட்டேன். சோறு பிசைந்து ஊட்டினேன். இடது கை அவருக்கு நன்றாகவே இருந்தது. இடது கையால் சாப்பிட அவருக்குக் கூச்சம், பார்க்க எங்களுக்கும் சங்கடம். சரி, வலது கையில் ஸ்பூனைப் பிடிக்கவைத்து, அது நடுங்கி நடுங்கி வாய்க்குப் போகும்வரை காத்திருந்தால் அரை மணிக்கு மேல் ஆகும். பாதி மடியில் சிந்தும். நான் ஊட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த அரை மணிக்கும் பத்து நிமிடத்துக்கும் நடுவில்தான் என் தவறு முழுவதும் இருக்கிறது. எனக்கு ஷிப்டுக்குப் போக வேண்டும். திரும்பி வந்தால் தூங்க வேண்டும். அவர் சட்டைக் கையைத் தேடி, தலைப்பக்கம் கையை விட்டு, வெளியே எடுத்து, மறுபடி தேடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. பொறுமை இல்லை என்று சொன்னால் கேவலம். "கஷ்டப்படுத்த மனசு வரலை" என்று சொன்னால் பாசம். நான் இரண்டாவதைச் சொன்னேன். மற்றவர்களிடம் சொன்னேன், அம்மாவிடம் சொன்னேன், சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

அம்மா நம்பவில்லை. ஒருநாள் காய்ந்த துணிகளை அப்பா மடியில் போட்டு, "மடிச்சு வைய்யா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் இடது கையால் ஒரு துண்டை விரித்து, மூடியபடியே இருந்த வலது கையை அதன் மூலையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மூலை நழுவியது. மறுபடி வைத்தார். நெற்றி வேர்த்திருந்தது. வேலை முடிந்து உள்ளே நுழைந்த நான் துண்டைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவிடம் சத்தம் போட்டேன். "உனக்கு மனசாட்சி இருக்கா? இந்த நிலைமையில அவரை வேலை வாங்குறே?" அம்மா, "அவரு செய்யட்டும்டா, விடு" என்று மட்டும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள், அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புகழ்ச்சி ருசித்துவிட்டது. அப்பாவுக்கு ஊட்டும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன. பல நாள் கழித்து அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நான் கேமராவைப் பார்க்கிறேன். அப்பா வாயைத் திறந்துகொண்டு சுவர்ப் பக்கம் பார்க்கிறார். உலை வெக்கையில் நின்று எங்களுக்குச் சோறு போட்டவர், தன் வாயில் சோறு வைக்கப்படுவதை நூறு பேர் பார்க்கச் சம்மதித்தாரா என்று நான் கேட்கவே இல்லை.

அமாவாசைக்குத் திருவள்ளூர் வைத்திய வீரராகவர் கோயிலுக்கு அழைத்துப்போனேன். நோய் தீர வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குளக்கரையில் அப்பா, "ரெண்டு படி இறங்கிப் பாக்குறேன்" என்றார். பின்னால் கூட்டம். "வேணாம் நைனா, நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு நானே இறங்கிக் கரைத்துவிட்டு வந்தேன். நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளப் போன இடத்திலும் அவரை நான் நடக்கவிடவில்லை.

சாப்பாட்டிலும் இதே கதைதான். "வாதத்துக்குக் கவிச்சி ஆகாது" என்றார்கள் பெரியவர்கள். கஞ்சி, ரசம் சாதம், டீயில் நனைத்த ரஸ்க், இளநீர். கரைத்துக் கொடுத்தால் சீக்கிரம் உள்ளே போகும் என்பதால் எனக்கும் சௌகரியம். பக்கவாதத்துக்குப் பிறகு தொண்டைத் தசை தளர்ந்து, நீர்த்த உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும் ஆபத்து பலருக்கு உண்டு. விழுங்குவதைச் சோதித்துப் பார்த்துத்தான் எதை எந்தப் பதத்தில் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அந்தச் சிக்கல் அப்பாவுக்கு இல்லாமல் போனதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

தசை திரும்ப வேண்டுமானால் புரதம் வேண்டும். ஆரோக்கியமான முதியவருக்கே ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. நோயில் விழுந்தவருக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை என்று 2013-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பரிந்துரைத்தார்கள். 55 கிலோ எடை உள்ளவருக்கு அது 66 கிராமில் தொடங்குகிறது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கும். ஒரு தம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு. நூறு கிராம் மீனில் 20 கிராமை ஒட்டி வரும். நான் கொடுத்த கஞ்சியிலும் ரஸ்க்கிலும் தேவையில் பாதிகூடத் தேறியிருக்காது. பழவேற்காட்டு மடவையும் இறாலும் தெருவுக்கே வந்து விற்கும் ஊரில், சுண்டலும் வேர்க்கடலையும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கும் ஊரில், அவரை நான் பட்டினி போட்டேன். வயிறு நிறைந்திருந்ததால் அது பட்டினி என்று யாருக்கும் தெரியவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர் ஒருநாள் அப்பாவைப் பார்த்துவிட்டுப் பெயரைக் குறித்துக்கொண்டு போனார். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. சில நாளில் பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண் வந்தார். என் தங்கை வயது இருக்கும்.

அவர் டேப்பை எடுத்து அப்பாவின் ஆடுசதையைச் சுற்றினார். முதலில் வலது கால், பிறகு இடது கால். ஆசிய நாட்டு நிபுணர் குழு 2019-ல் வைத்த கணக்குப்படி ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்பாவின் இரண்டு கால்களுமே குறைவாக இருந்தன. அந்தப் பெண் இடது காலைத் தொட்டுக் காட்டி, "இந்தக் கால்ல வாதம் இல்லையே சார், இது ஏன் இளைச்சிருக்கு?" என்று கேட்டார். குத்திக்காட்டக் கேட்கவில்லை, விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வலது காலுக்குப் பக்கவாதத்தைக் காரணம் சொல்லலாம். இடது காலுக்குச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. அம்மா என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பிறகு அந்தப் பெண் அப்பாவின் வலது தோளை மெல்ல அசைத்தார். அப்பா முகத்தைச் சுளித்தார். "இவரை எப்படித் தூக்குவீங்க?" என்றார். நான் வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதைச் செய்து காட்டினேன். பக்கவாதம் வந்த பக்கத்தில் தோள் மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும், கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு இறங்கி வலி நிரந்தரமாகத் தங்கிவிடலாம் என்று விளக்கினார். அந்தத் தோள் வலியை நோயின் பகுதி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது என் கை வேலை.

கடைசியில் ஒரு சட்டையைக் கேட்டு வாங்கி அப்பாவிடம் கொடுத்தார். "பலமில்லாத கையை முதல்ல விடுங்க ஐயா. கழட்டும்போது அதை கடைசியா எடுங்க" என்றார். அப்பா இடது கையால் சட்டைக் கையைச் சுருட்டி வலது கையில் ஏற்றினார். முழங்கையில் சிக்கியது. என் கை தானாக முன்னால் போனது. "கை வைக்காதீங்க சார்" என்றார் அந்தப் பெண். அப்பா தோளைக் குலுக்கினார், பல்லால் காலரைக் கவ்வி இழுத்தார், நிறுத்தி மூச்சு வாங்கினார், மறுபடி இழுத்தார். சட்டை ஏறியது. பொத்தான்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன. யாரையும் சரிசெய்யவிடாமல் அன்று முழுவதும் அப்படியே போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நான் விசாரித்துத் தெரிந்துகொண்டவை எல்லாம் என்னையே சுட்டின. அமெரிக்காவில் உடல்நலத்தோடு இருந்த, சராசரி வயது 67 ஆன சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தார்கள். முடிவு 2007-ல் வெளியானது. பத்தே நாளில் கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்திருந்தார்கள். முழங்காலை நீட்டும் வலிமையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இது நோயே இல்லாதவர்களின் கணக்கு. என் அப்பா ஏற்கெனவே தசை இளைத்தவர், மூளையில் அடி வாங்கியவர், கஞ்சி குடித்தவர். அவரை நான் பத்து நாளா படுக்கவைத்தேன்?

கையைப் பற்றித் தெரிந்துகொண்டது இன்னும் உறைத்தது. பக்கவாதம் வந்த கையை அசைக்கப் பார்த்து, தோற்று, நல்ல கையாலோ பிறர் கையாலோ வேலை நடந்துவிட்டால், அந்தக் கையை உபயோகிக்காமலிருக்க மூளை பழகிவிடுகிறது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் கண்டறிந்து, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு பலமில்லாத கையால் மட்டுமே வேலை செய்யவைக்கும் சிகிச்சையை உருவாக்கினார். கையில் கொஞ்சமாவது அசைவு மிஞ்சியிருப்பவர்களுக்கு அது பலன் தருவது 2006-ல் பெரிய ஆய்வில் உறுதியானது. எங்கள் வீட்டில் நடந்தது அதற்கு நேர் எதிர். சிந்திச் சிந்தியாவது வாயைத் தேடி வந்த கையை, உனக்கு வேலை இல்லை என்று நான் பழக்கினேன்.

எழுந்து நடக்கவைப்பதிலும் அளவு உண்டு. 5 நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அதிகமாக நடமாட வைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே தேறினார்கள். ஆகவே முதல் நாளே பிடித்து இழுத்து நடக்கவைப்பதும் தவறு, மாதக்கணக்கில் படுக்கவைப்பதும் தவறு. குடும்பத்தாரின் அக்கறை மட்டும் போதாது என்பதும் நம் நாட்டிலேயே தெரிந்த செய்தி. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பகுதியினரின் வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கச் செய்து பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாகத் தேறியிருக்கவில்லை. தொழில் தெரிந்தவர் ஒருவர் கூடவே இருந்து பார்த்து, திருத்தி, கூட்டிக் குறைக்க வேண்டும். ஆர்வம் அதற்கு ஈடாகாது. ஆர்வம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நானே சாட்சி.

இந்த அறிவு ஏதோ வெளிநாட்டில் மட்டும் இருந்ததும் இல்லை. 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், வேலூரில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்றுவந்து வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் துறையை வளர்த்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தது. முடங்கியவர் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும்படி ஆக்குவதுதான் சிகிச்சை என்று, எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேலூரில் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார்கள். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமே இருக்கிறது. தெரியாது என்று நான் சொன்னால் அது தேடவில்லை என்றுதான் பொருள்.

வயதானவர் உடம்பில் இனி என்ன ஏறப்போகிறது என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. 1990-ல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில் ஏறும் தசை எழுபதில் ஏறாதா?

ஏறியது. மெல்ல ஏறியது. நாற்காலிக்கு அடியில் பலகை வைத்து உயரமாக்கி அதிலிருந்து எழுந்து நிற்பதில் தொடங்கினார். பலகையைக் குறைத்துக்கொண்டே வந்தார். மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலைத் தூக்கினார். கொடியில் துணிக் கிளிப்பைப் போட்டு எடுத்தார். தினமும் முட்டை, வாரத்தில் பல நாள் மீன், மாலையில் சுண்டல். நான் காலை ஷிப்டை விட்டுவிட்டு மதிய ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்தேன், காலைப் பொழுது அவருடையதாக இருக்க வேண்டும் என்பதற்காக. அப்படியும் சில காலைகளில் பழைய புத்தி எட்டிப் பார்க்கும். நேரமாகிறது என்று ஸ்பூனை வாங்கிவிடுவேன். அம்மா ஒரு பார்வை பார்ப்பாள். திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்போது அவர் கைத்தடியோடு டீக்கடை வரை நடக்கிறார். தானே சாப்பிடுகிறார். நான் கூடவே நடப்பேன், பிடிப்பதில்லை. இதைப் பார்த்துத்தான் சிலர், "முன்ன எப்படிப் பார்த்துக்கிட்டான், இப்ப பெரியவரை நடக்கவிட்டு வேடிக்கை பாக்குறான்" என்கிறார்கள். அதற்காக எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு. வலது கை விரல்கள் முழுதாக விரிவதில்லை. தம்ளரை இரண்டு கைகளாலும்தான் பிடிக்கிறார். தோள் வலி போகவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு உடம்பு வேகமாகத் திரும்புவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அதிகம் உழைக்க வேண்டும். அந்த முதல் மாதங்களை நான் ஊட்டிக் கழித்தேன். அவற்றை அவர் கையில் கொடுத்திருந்தால் அந்த விரல்கள் எவ்வளவு விரிந்திருக்கும் என்ற கேள்வியோடுதான் இனி நான் இருக்க வேண்டும்.

ஒரு மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷூ மாட்டிக்கொண்டு போன காலையையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "நீ வேலைக்குப் போக வேணாவா?" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். உண்மை அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது என்பதும், எனக்கு நேரமாகிவிடுமே என்றுதான் தினமும் வாயைத் திறந்தார் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டியவர் இருந்தால், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து தொடர்ந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். விழாமல் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரிடம் காட்டுங்கள். தட்டில் முட்டையோ மீனோ பருப்போ மூன்று வேளையும் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கவாதம் வந்தவர் இருந்தால், இன்று அவருக்காக நீங்கள் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அவரால் முடியாததால் செய்தேனா, எனக்கு நேரமில்லாததால் செய்தேனா என்று எழுதுங்கள். பொய் எழுதாதீர்கள். இரண்டாவது பதில் வரும் இடங்களில் நாளையிலிருந்து காத்திருங்கள். நான் அந்தத் தாளை எழுதியபோது முதல் பதில் வந்த வரிகள் மிகக் குறைவு.